பழைய பஞ்சாங்கமும் பறக்கும் விமானமும்



சித்திரைத் திங்கள் பிறப்பதற்குச் சில நாட்கள் முன்பாக, தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஒரு கேள்வி எழுவதுண்டு. "ஊரிலிருந்து பஞ்சாங்கம் வந்துவிட்டதா?" என்பதே அக்கேள்வி. ஊருக்குப் போய்த் திரும்பும் உறவினர் ஒருவரின் பெட்டியில், வடகத்தோடும் அப்பளத்தோடும் அதுவும் வந்து சேரும். வந்த அன்றே பழையது பரண் ஏறிவிடும். சென்ற ஆண்டின் திதியையும் நட்சத்திரத்தையும் வைத்துக்கொண்டு இந்த ஆண்டின் முகூர்த்தத்தை யாரும் குறிப்பதில்லை. அதனாலன்றோ, காலத்தோடு ஒட்டாத கருத்துடையவரைப் 'பழைய பஞ்சாங்கம்' என்று நாம் எள்ளி நகையாடுகிறோம்!

கொல்கத்தா வாழ் நேயர்கள் இன்னொன்றும் அறிவார்கள். சென்னைக்குக் கணித்த பஞ்சாங்கம் அங்கே அப்படியே பொருந்தாது. சூரியன் அங்கே, பருவத்திற்கேற்பக் கூடியும் குறைந்தும், சென்னையைவிட முன்னதாகவே உதிக்கிறான். ஆகவே ஒரு விவரம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. எந்த இடத்திற்கு, எந்த நாளுக்கு அது சரி என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

இன்று நான் பேசப் புகுவது சோதிடம் பற்றி அன்று. ஆகாய விமானம் பற்றி. ஒருவரோ நால்வரோ அமர்ந்து செல்லும் சிறு விமானத்திற்குள்ளும் இக்காலத்தில் ஒரு பஞ்சாங்கம் இருக்கிறது. அதன் ஆயுள் ஓராண்டு அன்று. 28 நாட்கள் மட்டுமே. அதைத் தவறாமல் புதுப்பிக்கும் வேலையை வட மாநிலத்து விமானப் பயிற்சிக் கழகம் ஒன்றில் பல ஆண்டுகள் செய்தவன் என்ற முறையில், அதன் கதையை உங்களுக்குக் கூற விழைகிறேன்.

1932ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள், ஜே. ஆர். டி. டாட்டா ஒற்றை எஞ்சின் பொருத்திய 'பஸ் மாத்' என்னும் சிறு விமானத்தில் தபால் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கராச்சியிலிருந்து புறப்பட்டார். அகமதாபாத் வழியாக மும்பை ஜுஹுவை அடைந்தார். அங்கிருந்து அத்தபாலை நெவில் வின்சென்ட் பெல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டு சென்றார். அவ்விமானத்தில் ரேடியோ இல்லை. வழியில் வழிகாட்டும் நிலையங்களும் இல்லை. ஆறுகளும் இருப்புப்பாதைகளும் கடற்கரையுமே அன்றைய விமானிக்கு வழிகாட்டிகள். அவை எளிதில் இடம் மாறுவன அல்ல.

ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவில் எல்ரே ஜெப்பசன் என்ற தபால் விமானி, பத்து சென்ட் விலையுள்ள ஒரு கறுப்புக் குறிப்பேட்டை வாங்கினார். இறங்குதளங்களின் நீளம், அருகிலுள்ள மலையின் உயரம், புகைபோக்கியின் உயரம், வானிலை கேட்டறிய வழியிலுள்ள குடியானவர்களின் தொலைபேசி எண் ஆகியவற்றை அதில் எழுதி வைத்தார். சக விமானிகள் அதன் படியைக் கேட்டனர். 1934இல் பத்து டாலர் விலைக்கு அதை விற்கத் தொடங்கினார். ஒரு மனிதனின் நினைவுக்குறிப்பு, பலரின் உயிர் காக்கும் நூலாயிற்று.

எழுதி முடித்ததும் அந்நூல் பழசாகத் தொடங்கியது. புதுக் கட்டடம் எழும், தளம் நீளும், விளக்கு இடம் மாறும். ஆகவே ஏடுகளைத் தனித்தனியாகக் கழற்றவும் கோக்கவும் ஏற்றவாறு அக்குறிப்பேடு அமைந்தது. திருத்த ஏடுகள் தபாலில் வரும். விமானிகள் மேசையைச் சுற்றி அமர்ந்து, பழைய ஏட்டைக் கழற்றிப் புதிய ஏட்டைச் செருகுவார்கள். சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் அந்தச் சலிப்பைத் தாங்கியவரே மழையிலும் மூடுபனியிலும் பத்திரமாக இறங்கினார்கள்.

இன்று அந்த ஏடுகள் எல்லாம் ஒரு சிறு மெமரி கார்டுக்குள் அடங்கிவிட்டன. வழிகாட்டும் விவரத் தொகுப்பு எனலாம். தரவுத்தளம் என்று இக்காலத்தார் வழங்குவர். அதில் என்னென்ன உள்ளன? விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை, கடல்மட்டத்திலிருந்து உயரம், ஓடுபாதையின் நீளமும் திசையும், கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேசும் அலைவரிசை, தரையிலுள்ள ரேடியோ வழிகாட்டி நிலையங்கள், வானத்தில் கற்பனையாகக் குறிக்கப்பட்டு ஐந்தெழுத்துப் பெயர் சூட்டப்பட்ட புள்ளிகள், அப்புள்ளிகளை இணைக்கும் வான்வழிகள், பறக்கக் கூடாத பகுதிகள், இறங்கும் முறைகள். 1975இல் வகுக்கப்பட்ட ஒரு பொது மரபின்படி, ஒவ்வொரு விவரமும் 132 எழுத்திடங்கள் கொண்ட வரியாக எழுதப்படுகிறது. ஓர் எழுத்து இடம் தவறினாலும் பொருள் மாறிவிடும்.

இவையெல்லாம் ஏன் மாறுகின்றன என்று நீங்கள் கேட்கலாம். மனிதர் மாற்றுவது ஒன்று. பெங்களூரிலும் ஐதராபாத்திலும் வாழும் நேயர்களுக்கு 2008ஆம் ஆண்டு நினைவிருக்கும். அவ்வாண்டு மார்ச்சில் ஐதராபாத்தின் பயணி விமானங்கள் பேகம்பேட்டையிலிருந்து ஷம்ஷாபாத்துக்கு மாறின. மே மாதத்தில் பெங்களூரின் விமானங்கள் பழைய எச்.ஏ.எல். நிலையத்திலிருந்து தேவனஹள்ளிக்குப் போயின. அன்று பழைய தொகுப்போடு பறந்தவனுக்குத் தேவனஹள்ளி என்ற நிலையமே உலகில் இல்லை!

இயற்கை மாற்றுவது மற்றொன்று. ஓடுபாதையின் முனையில் பெரிதாக எழுதப்பட்டிருக்கும் எண், அப்பாதையின் காந்தத் திசையைப் பத்தால் வகுத்துப் பெற்றது. பூமியின் காந்தப் புலமோ நிலையாக நிற்பதில்லை, ஆண்டுதோறும் நகர்கிறது. அதனால் இலண்டனை அடுத்த ஸ்டான்ஸ்டெட் நிலையத்தில் 2009இல் 05, 23 என்ற எண்கள் 04, 22 ஆயின. அமெரிக்காவின் டாம்பா நகரில் 2011 ஜனவரியில் ஓர் ஓடுபாதையின் 18 என்ற முனை 19 ஆயிற்று. 36 என்ற முனை 1 ஆயிற்று. பாதை ஓரங்குலமும் நகரவில்லை. அதன் பெயர்தான் மாறியது.

ஓர் இடத்தின் இருப்பிடத்தைக் குறிக்கும் எண்கள்கூட மாறியதுண்டு. சென்னை விமான நிலையத்தில் இறங்கும்போது அருகே தெரிகிறதே, பரங்கிமலை, அதனடியிலிருந்து 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் வில்லியம் லாம்ப்டன் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். இந்தியாவின் மாபெரும் நில அளவை அங்கேதான் வேரூன்றியது. அவருக்குப் பின் வந்த எவரெஸ்ட் பூமியின் வடிவத்தைத் தம் கணக்கில் வகுத்தார். வேறு நாடுகள் வேறு கணக்கை வைத்திருந்தன. ஒரே ஓடுபாதைக்குக் கணக்குக்கொரு தீர்க்கரேகை! வானத்திலுள்ள செயற்கைக்கோள் வழிகாட்டும் காலத்தில் இது பொருந்துமா? ஆகவே 1998ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளிலிருந்து விமானப் போக்குவரத்துக்கு உலகெங்கும் ஒரே பூமிக் கணக்கு என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் விதித்தது.

மாற்றங்கள் ஓயாமல் நிகழ்கின்றன. ஒவ்வொரு நாடும் தனக்குத் தோன்றிய நாளில் தன் விவரங்களை மாற்றினால் என்ன ஆகும்? விமானியின் கையில் ஒன்று, கோபுரத்தில் உள்ளவரின் மேசையில் வேறொன்று என்றாகும். இதைத் தவிர்க்கவே 1964இல் ஓர் ஒழுங்கு வகுக்கப்பட்டது. முக்கியமான மாற்றங்கள் உலகெங்கும் 28 நாட்களுக்கு ஒருமுறை, குறித்த வியாழக்கிழமைகளில் மட்டுமே நடைமுறைக்கு வரும். 42 நாட்களுக்கு முன்பே வெளியிட வேண்டும். குறைந்தது 28 நாட்களுக்கு முன்பு உரியவர் கைக்குச் சேர வேண்டும். பெரிய மாற்றமாயின் 56 நாட்கள் முன்பே அறிவிப்பது நலம். நம் நாட்டில் இவ்வறிவிப்புகளை இந்திய விமான நிலைய ஆணையம் வெளியிடுகிறது. இடையில் திடீரென நேரும் மாற்றங்களுக்குத் தனி அவசர அறிவிப்புகள் உண்டு.

ஆண்டுக்கு 13 சுற்று என்றால் 364 நாட்கள். ஒரு நாள், லீப் ஆண்டாயின் இரண்டு நாள் மிஞ்சுகிறது. அந்த மிச்சம் சேர்ந்து சேர்ந்து, 2020இல் 14ஆவது சுற்று ஒன்று வந்தது. அது தொடங்கிய நாள் டிசம்பர் 31. சந்திரமான ஆண்டில் அதிக மாதம் வருவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இவ்வளவு கட்டுப்பாடு வேண்டுமா என்று ஐயுறுவோர் 1979ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாளை எண்ணிப் பார்க்க வேண்டும். அன்று ஏர் நியூசிலாந்து நிறுவனத்தின் விமானம் ஒன்று அண்டார்டிகாவின் பனிவெளியைச் சுற்றிக் காட்டப் பயணிகளை ஏற்றிச் சென்றது. தரையிலிருந்த கணிப்பொறியில் கடைசிப் புள்ளியின் தீர்க்கரேகை 164 பாகை என்று பல மாதங்களாகப் பிழையாக இருந்தது. அந்தப் பிழையான வழியைக் கொண்டுதான் விமானிகளுக்கு விளக்கம் அளிக்கப்பட்டிருந்தது. அது அகன்ற கடற்பரப்பின் மீது செல்லும் வழி. பயண நாளின் அதிகாலையில் யாரோ பிழையைக் கண்டு 166 பாகை என்று திருத்தினார்கள். திருத்தம் சரியானதே, ஆனால் அதை விமானிகளிடம் சொன்னவர் இல்லை. வழி ஏறத்தாழ 50 கிலோமீட்டர் கிழக்கே நகர்ந்தது. அங்கே எரிபஸ் என்னும் எரிமலை நின்றது. விமானத்தில் இருந்த 257 பேரும் மாண்டனர். பிழை யாருடையது என்று நெடுநாள் வழக்காடினார்கள். விமானிகளுக்கு அறிவிக்காமல் வழியை மாற்றியதே தலையாய காரணம் என்று 1981இல் நீதிபதி பீட்டர் மஹோன் தம் அறிக்கையில் கூறினார்.

நேயர்களே, பிழை இருந்தவரை அவ்வழியே சென்ற விமானங்கள் பத்திரமாகத் திரும்பின. பிழை நீங்கிய நாளில் விமானம் மலையில் மோதியது. பிழையைத் திருத்துவது பாதி வேலைதான். திருத்தத்தை அறிய வேண்டியவர் அனைவரும் ஒருசேர அறிவதே மறு பாதி. 28 நாள் ஒழுங்கின் உட்பொருள் இதுவே.

இனி, சிறு விமானத்தில் இது எவ்வாறு நடைபெறுகிறது என்று சொல்கிறேன். 1955இல் முதன்முதலில் பறந்த செஸ்னா 172 என்னும் நால்வர் விமானத்தில் உலகெங்கும் மாணவர்கள் பயில்கிறார்கள். அண்மைக்கால விமானமாயின் அதில் வட்ட முகக் கருவிகளுக்குப் பதிலாக இரண்டு திரைகள் இருக்கும். கார்மின் ஜி1000 என்ற அமைப்பு அவற்றுள் பெயர் பெற்றது. புதிய தொகுப்பு, நடைமுறைக்கு வரும் நாளுக்குச் சில தினங்கள் முன்பே இணைய வழியாக வந்துவிடும். அதைக் கார்டில் ஏற்றிக்கொண்டு விமானத்துக்குப் போவோம். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஒரு திரையின் மேல் துளையில் கார்டைச் செருகி, மறுபடி மின்சாரம் கொடுத்தால், "புதுப்பிக்கலாமா?" என்று திரை கேட்கும். ஆம் என்ற பொத்தானை அழுத்திக் காத்திருக்க வேண்டும். முடிந்தபின் அதே கார்டைக் கழற்றி, அடுத்த திரையிலும் அவ்வாறே செய்ய வேண்டும். ஒன்றில் செய்து மற்றதில் மறந்தால் இரண்டு திரைகளும் இரு வேறு மாதங்களில் வாழும். முடிவில் இரண்டிலும் தேதியைப் பார்த்துப் பதிவேட்டில் குறித்துக் கையொப்பமிட வேண்டும். மலைமேடுகளுக்கும் கோபுரம் போன்ற தடைகளுக்கும் வேறு தொகுப்புகள் உண்டு. அவற்றின் காலக்கெடு வேறு. பின்வந்த அமைப்புகளில் அடுத்த சுற்றை முன்னதாகவே ஏற்றிவைத்தால், உரிய நாளில் தானே மாறிக்கொள்ளும் வசதியும் உண்டு.

பார்ப்பதற்கு இது குழந்தை விளையாட்டு. அந்த எளிமையே என்னை ஒருமுறை ஏமாற்றியது.

எங்கள் கழகத்தில் நான்கு விமானங்கள் இருந்தன. மார்கழிக் குளிரில் ஒரு வியாழக்கிழமை விடியற்காலை, கைவிரல்கள் மரத்துப்போக, மூன்று விமானங்களுக்குப் புதுப்பித்தேன். நான்காவது, எஞ்சின் சோதனைக்காகக் கொட்டகையின் பின்புறத்தில் பிரித்துப் போடப்பட்டிருந்தது. "இரண்டு நாளில் வெளியே வரும், வந்ததும் செய்துவிடலாம்" என்று எண்ணி, நான்குக்கும் சேர்த்து ஒரே தாளில் கையொப்பமிட்டேன். அந்த விமானம் வெளியே வந்தது. நான் மறந்தேன்.

அடுத்த வாரம் ஒரு காலை, மதுரைப் பக்கத்திலிருந்து வந்து பயின்ற மாணவி ஒருத்தி, அவ்விமானத்தில் தனியாக இன்னோர் ஊருக்குப் பறந்து திரும்ப வேண்டிய நாள். மின்சாரம் கொடுத்ததும் திரையின் முதற்பக்கத்தில் தொகுப்பின் தேதி மஞ்சள் நிறத்தில் தோன்றியது. காலக்கெடு கடந்தது என்பதற்கு அதுவே அடையாளம். பொத்தானை ஒருமுறை அழுத்தினால் அப்பக்கம் மறைந்துவிடும். விமானம் தடையின்றிப் பறக்கும். கருவி தடுக்காது, அறிவிக்க மட்டுமே செய்யும். அவள் அழுத்தவில்லை. மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பதிவேட்டோடு என்னிடம் நடந்து வந்தாள்.

"சார், தாளில் உங்கள் கையெழுத்து இருக்கிறது. திரையில் தேதி பழையதாக இருக்கிறது. எதை நம்புவது?" என்று கேட்டாள்.

அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. உண்மையாகவே அறிய விரும்பிய கேள்வி அது. என்னால் விடை கூற இயலவில்லை. "திரையை நம்பு அம்மா. தாளில் இருப்பது பொய்" என்று சொல்லி எழுந்தேன். புதிய தொகுப்பை ஏற்றிவிட்டு, அவள் போகவிருந்த ஊரின் விவரங்களைப் பழையதோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். கோபுரத்தின் அலைவரிசை மாறியிருந்தது. பழைய எண்ணில் அவள் அழைத்திருந்தால் பதில் வந்திராது. வேறு வழியில் சரியான எண்ணைக் கண்டுபிடித்திருக்கக் கூடும். ஆனால் தனியே பறக்கும் மாணவி, அறியாத ஊரின் மேல், பதில் கூறாத ரேடியோவோடு வட்டமிடும் அந்தச் சில நிமிடங்களை நினைக்கையில் இன்றும் என் நெஞ்சு நடுங்குகிறது.

அன்றே நான் தலைமைப் பயிற்றுநரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். நால்வருக்கு ஒரு தாள் என்ற வழக்கம் அன்றோடு ஒழிந்தது. விமானத்துக்கு ஒரு தாள். புதுப்பித்தவர் ஒருவர், இரண்டு திரைகளிலும் தேதியைப் பார்த்துச் சரி என்பவர் இன்னொருவர் என்று விதி செய்துகொண்டோம்.

புதிய தொகுப்பு இருந்துவிட்டால் கவலையே இல்லை என்று கருதிவிடவும் கூடாது. 1995ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் நாள் இரவு, கொலம்பியாவின் காலி நகரை நெருங்கிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானத்தின் விமானிகள், ரோசோ என்ற வழிகாட்டி நிலையத்தை நோக்கிச் செல்ல எண்ணி 'ஆர்' என்ற எழுத்தைக் கணிப்பொறியில் அழுத்தினார்கள். காகிதப் படத்தில் ரோசோவின் குறி அந்த எழுத்துத்தான். கணிப்பொறியின் தொகுப்பிலோ அந்த எழுத்துக்கு, போகோட்டா அருகேயுள்ள ரோமியோ என்ற வேறொரு நிலையமே முதலில் வந்தது. விமானம் இடப்புறம் திரும்பி மலைகளை நோக்கிச் சென்றது. 163 பேரில் 159 பேர் இறந்தனர். கருவி கேட்டதைக் கொடுத்தது. கேட்டவர் நினைத்ததைக் கொடுக்கவில்லை. ஆகவே, தொகுப்பு சொல்வதைப் படத்தோடும், படம் சொல்வதைத் திசைகாட்டியோடும் ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கத்தை எந்தக் கருவியும் நமக்குப் பதிலாகச் செய்துவிட முடியாது.

நம் நாட்டில் இக்கலை வளர்ந்துகொண்டே வருகிறது. இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனமும் விமான நிலைய ஆணையமும் சேர்ந்து அமைத்த 'ககன்' என்ற செயற்கைக்கோள் துணையோடு, 2022 ஏப்ரலில் இராஜஸ்தானத்துக் கிஷன்கட் நிலையத்தில் ஒரு பயணி விமானம் சோதனையாக இறங்கியது. தரையில் விலையுயர்ந்த கருவிகள் இல்லாத சிற்றூர்களிலும் இவ்வாறு துல்லியமாக இறங்கலாம். ஆனால் வானிலிருந்து வழிகாட்டும் கருவி எத்துணை நுட்பமானதாயினும், தரை எங்கே இருக்கிறது என்பதை அந்தச் சிறு தொகுப்புத்தான் சொல்ல வேண்டும். அது பழசாயிருந்தால், மிகத் துல்லியமாகத் தவறான இடத்திற்கே போய்ச் சேருவோம்.

அந்த மாணவி இன்று பெரிய விமானங்களை ஓட்டுகிறாள். அவள் கேட்ட கேள்வியை நான் மறக்கவில்லை. தாளும் திரையும் முரண்படும்போது எதை நம்புவது? கண்ணால் கண்ட பின்னரே கையொப்பமிடும் வழக்கம் இருக்குமானால், அக்கேள்வி எழவே எழாது.

அடுத்த சித்திரையில் ஊரிலிருந்து புதுப் பஞ்சாங்கம் வரும்போது, பழையதைப் பரணில் ஏற்றும் அந்தக் கணத்தில், எங்கோ ஒரு கொட்டகையில் சிறு விமானம் ஒன்றின் முன் குனிந்து அமர்ந்து, தேதியை இரண்டாம் முறை சரிபார்க்கும் ஒருவரையும் நினைத்துக்கொள்ளுங்கள். அவர் செய்வதும் அதே வேலைதான்.